சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட்: டிரான்சியன்ட் சிமுலேஷனில் காலப்படி சுருங்கி நின்றுவிடுகிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

அலைமுகம் (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். 1200 வோல்ட் தரத்திலான சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட் (குறைக்கடத்திச் சுவிட்சு) ஒன்றை, அதன் விளிம்பிலுள்ள மிதக்கும் (எந்த மின்முனையோடும் இணையாத) காப்பு வளையங்களையும் சேர்த்து, இரு பரிமாண அமைப்பாக வரைந்திருக்கிறேன். மின்னழுத்தத்தைத் தாங்கும் டிரிஃப்ட் அடுக்கின் தடிமன் 11 மைக்ரோமீட்டர், அதன் மாசுச் செறிவு கன சென்டிமீட்டருக்கு 10¹⁶. மின்தூண்டிச் சுமையுடன், 800 வோல்ட் மூலத்தில் இந்தச் சாதனத்தை அணைக்கும்போது நடப்பதைக் கணக்கிட வேண்டும்.

நிலைத்தநிலைக் கணக்குகள் எல்லாம் சிக்கலின்றி முடிகின்றன. டிரான்சியன்ட் (காலத்தோடு மாறும்) கணக்கிலும் கேட் மின்னழுத்தம் இறங்கும் வரை குறையேதும் இல்லை. டிரெயின் மின்னழுத்தம் ஏறத் தொடங்கியதும் காலப்படி பாதி பாதியாகக் குறைகிறது, சற்று மீள்கிறது, மறுபடி குறைகிறது. முடிவில் நான் கொடுத்திருந்த 10⁻¹⁸ செகண்டு என்ற கீழ்வரம்பைத் தொட்டு, 'ஒருங்கவில்லை' என்ற செய்தியோடு கணக்கு நின்றுவிடுகிறது. கீழ்வரம்பை 10⁻²⁰ வரை இறக்கினேன், ஊகத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தும் நியூட்டன் சுற்றுகளின் உச்ச எண்ணிக்கையையும் உயர்த்தினேன். நிற்கும் இடம் மாறவே இல்லை. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எச்சக்கணக்கு

காலப்படியின் கீழ்வரம்பை மேலும் இறக்குவதை முதலில் நிறுத்திவிடுங்கள். உள்ளுறை முறையில் (புதிய காலப்புள்ளியின் மதிப்புகளையே சமன்பாட்டில் வைத்துத் தீர்ப்பது) காலப்படி சிறுக்கச் சிறுக்க, எலக்ட்ரான், துளைகளுக்கான தொடர்ச்சிச் சமன்பாடுகளின் ஜேக்கோபியன் அணியில் (வகைக்கெழுக்களின் அணி) மூலைவிட்ட உறுப்புகளோடு காலப்படியின் தலைகீழ் சேர்ந்து அவை வலுப்பெறுகின்றன. முந்தைய காலப்புள்ளியின் விடை புதிய விடைக்கு மிக அருகில் இருப்பதால், நியூட்டன் முறைக்குத் தொடக்க ஊகமும் நன்றாக அமைகிறது. ஆகவே படி சிறுத்தால் ஒருங்குதல் எளிதாகத்தான் வேண்டும். அப்படி ஆகவில்லை என்றால் குற்றம் காலப்படியில் இல்லை. வலை (சாதனத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் கட்டம்), இயற்பியல் மாதிரி, எண் துல்லியம், ஒருங்குதலை அளக்கும் அளவுகோல் ஆகிய நான்கில் ஏதோ ஒன்றில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

மிகச் சிறிய படி உதவாதது மட்டுமல்ல, கெடுதலும் செய்யும். இரட்டைத் துல்லியத்தில் ஓர் எண்ணை ஏறத்தாழ 16 இலக்கங்களுக்குத்தான் வைத்திருக்க முடியும். செறிவு 10¹⁹ உள்ள ஒரு கணுவில் (வலையின் ஒரு புள்ளியில்) ரவுண்டிங் பிழை மட்டுமே கன சென்டிமீட்டருக்கு 2×10³ அளவில் இருக்கும். இரு காலப்புள்ளிகளின் செறிவுகளைக் கழித்து 10⁻¹⁸ செகண்டால் வகுத்தால், அந்தப் பிழை செகண்டுக்கு 2×10²¹ என்ற வீதமாகப் பெருகுகிறது. எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கினால் கன சென்டிமீட்டருக்கு 350 ஆம்பியர், ஒரு கன மைக்ரோமீட்டருக்கு 3.5×10⁻¹⁰ ஆம்பியர். இந்த இரைச்சலுக்கு அடியில் எச்சத்தை (சமன்பாட்டின் இருபுறமும் ஒத்துப்போகாமல் மிஞ்சுவதை) இறக்கச் சொல்லி எத்தனை சுற்றுகள் கொடுத்தாலும் பயனில்லை.

லாக் கோப்பைத் திறந்து மூன்று செய்திகளை இங்கே இடுங்கள். தோல்வி எந்தச் சமன்பாட்டில் நேர்கிறது: பாய்சானிலா (மின்னழுத்தத்துக்கானது), எலக்ட்ரானிலா, துளையிலா (நேர்மின்னூட்டம் சுமக்கும் எலக்ட்ரான் காலியிடம்)? உச்சப் பிழை எந்தக் கணுவில், எந்த ஆயத்தில் விழுகிறது? ஒவ்வொரு சுற்றிலும் எச்சமும் திருத்தமும் எப்படி மாறுகின்றன? நியூட்டன் நன்றாக வேலை செய்தால் கடைசிச் சுற்றுகளில் பிழை 10⁻¹, 10⁻², 10⁻⁴, 10⁻⁸ என்று சரியும். அந்தச் சரிவு எங்கே முறிகிறது என்பதில்தான் நோயின் அடையாளம் இருக்கிறது.

சுற்றுவழி

சாதனத்துக்குள் தேடும் முன் வெளிச்சுற்றையும் ஒருமுறை சரிபார்த்துவிடலாம். இரு பரிமாணக் கணக்கில் மூன்றாவது திசையின் ஆழம் இயல்பாக 1 மைக்ரோமீட்டர் என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. உங்கள் அமைப்பின் அகலம் 5 மைக்ரோமீட்டர் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு அந்த ஆழம் 2×10⁷ மைக்ரோமீட்டர் ஆக வேண்டும். இந்தப் பரப்புக் காரணி விடுபட்டால், மின்தூண்டி தள்ளும் முழு மின்னோட்டமும் ஒரே ஒரு மைக்ரோமீட்டர் ஆழத்தின் வழியே போக முயலும்; எந்தக் காலப்படியாலும் அந்தக் கணக்கை மீட்க முடியாது.

அடுத்தது கேட் துடிப்பு. நேர்கோட்டுத் துண்டுகளால் ஆன அலைவடிவத்தில் சாய்வு சட்டென்று மாறும் மூலைகளில் ஒரு காலப்புள்ளி கட்டாயம் விழும்படி அமைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் மென்பொருள் மூலையைத் தாண்டிப் போய்விட்டு, துண்டிப்புப் பிழை (காலத்தைப் படிகளாக வெட்டுவதால் வருவது) பெரிதாகிப் பின்வாங்கும். ஏறும் நேரம் சுழியாக உள்ள மின்னழுத்தத் தாவலை எவரும் கொடுக்கக் கூடாது. மின்தேக்குத்திறன் உள்ள எதற்கும் அது முடிவிலி மின்னோட்டத்தைக் கேட்பதாகும்.

அலைமுகம்

விரைவான பதில்களுக்கு நன்றி. பரப்புக் காரணி சரியாக இருக்கிறது, கேட் துடிப்பின் மூலைகளில் காலப்புள்ளிகளும் விழுகின்றன.

லாக்கில் இரண்டு வேறுபட்ட நடத்தைகள் தெரிகின்றன. முதலாவது, டிரெயின் மின்னழுத்தம் ஏறும் காலம் முழுவதும் காலப்படி அடிக்கடி பத்தில் ஒரு பங்காகச் சரிந்து, பிறகு தானே மீள்கிறது. அந்தச் சரிவுகளில் உச்சப் பிழை எலக்ட்ரான் சமன்பாட்டில், டிரிஃப்ட் அடுக்கின் நடுவே விழுகிறது; அதன் ஆயம் ஒவ்வொரு முறையும் சற்றுக் கீழே இறங்குகிறது. இரண்டாவது, கணக்கை நிறுத்திவிடும் கடைசித் தோல்வி. அது துளைச் சமன்பாட்டில், வெளிக்கோடியிலுள்ள வளையத்தின் ஓரத்தில் நேர்கிறது. எச்சம் முதல் சில சுற்றுகளில் நன்றாக இறங்கி, ஒரு மட்டத்தில் அசையாமல் நின்றுவிடுகிறது. திருத்தம் மட்டும் கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது.

மெஷ்காரர்

இரண்டும் வெவ்வேறு நோய்கள். முதலாவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

டிரெயின் மின்னழுத்தம் ஏறும்போது இயக்கமில்லாப் பகுதியின் (எலக்ட்ரான்களும் துளைகளும் வெளியேறிவிட்ட பகுதி) விளிம்பு டிரிஃப்ட் அடுக்கில் கீழ்நோக்கி நகர்கிறது. உங்கள் மாசுச் செறிவுக்கு 800 வோல்ட்டில் அந்த விளிம்பு ஏறத்தாழ 9.3 மைக்ரோமீட்டர் வரை போகும். விளிம்பின் தடிமனைத் தீர்மானிப்பது டிபை நீளம்; 10¹⁶ செறிவில் சிலிக்கான் கார்பைடுக்கு அது 40 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. டிரிஃப்ட் அடுக்கில் வலைக்கோடுகளின் இடைவெளியை நீங்கள் சொல்லவில்லை. நிலைத்தநிலைக் கணக்குக்கு அரை மைக்ரோமீட்டர் போதும் என்று பலர் விட்டுவிடுவார்கள். அதற்கு அது போதும்தான். டிரான்சியன்ட் கணக்கில், விளிம்பு ஒரு கணுவைக் கடக்கும் நொடிப்பொழுதில் அந்தக் கணுவின் எலக்ட்ரான் செறிவு 10¹⁶இலிருந்து பல பத்து வரிசைகள் (ஒரு வரிசை என்பது பத்து மடங்கு) விழுகிறது. விளிம்பு அடுத்த கணுவை எட்டும் வரை பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. சீராக நகர வேண்டிய விளிம்பு கணுவுக்குக் கணு தாவுகிறது, ஒவ்வொரு தாவலுக்கும் காலப்படி சரிகிறது. டிரெயின் மின்னோட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதே நேரங்களில் சிறு படிக்கட்டுகள் தெரியும்.

இது வலையால் வந்ததா, உண்மையான இயற்பியலா என்று உறுதிப்படுத்த ஓர் எளிய சோதனை உண்டு. வளையங்கள் இல்லாத, அதே டிரிஃப்ட் அடுக்கைக் கொண்ட டையோடு ஒன்றை எடுத்துக்கொண்டு, பின்னோக்குச் சார்பை நேர்கோட்டில் 20 நானோசெகண்டில் 800 வோல்ட்டுக்கு ஏற்றுங்கள். இயக்கமில்லாப் பகுதியின் அகலம் மின்னழுத்தத்தின் வர்க்கமூலமாக வளர்வதால், சம இடைவெளிக் கணுக்களை விளிம்பு கடக்கும் நேரங்கள் 1, 4, 9, 16 என்ற விகிதத்தில் அமையும். அடுத்தடுத்த சரிவுகளுக்கு இடையிலான காலங்கள் 1, 3, 5, 7 என்று நீளும். தொடக்கத்தில் சந்தியின் உள்ளார்ந்த மின்னழுத்தத்தால் இந்த விகிதம் சற்றுப் பிசகும், பின்னர் சரியாகிவிடும். அரை மைக்ரோமீட்டர் இடைவெளி என்றால், பத்தாவது கணுவுக்கும் பதினொன்றாவது கணுவுக்கும் இடையே ஏறத்தாழ 1.2 நானோசெகண்டு வரும். காலப்படியை வரைபடமாக்கி இந்த வரிசையைக் கண்டுவிட்டால் வேறு விசாரணை தேவையில்லை.

தீர்வு, விளிம்பு நகரும் திசையில் மட்டும் வலையை 50 முதல் 100 நானோமீட்டராக நெருக்குவது. குறுக்குத் திசையில் நெருக்க வேண்டியதில்லை. நெருக்கும்போது முக்கோணங்களில் விரிகோணம் தலைகாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரிகோணத்துக்கு எதிரே உள்ள பக்கத்தின் இணைப்புக் கெழு எதிர்க்குறி பெற்றுவிட்டால், செறிவே எதிர்மதிப்பாகும் வாய்ப்பு உண்டு.

எச்சக்கணக்கு

மெஷ்காரர் சொன்னது முதல் நடத்தையை முழுதாக விளக்குகிறது. கணக்கை நிறுத்துவது இரண்டாவதுதான்.

எச்சம் இறங்கி ஒரு மட்டத்தில் நின்றுவிட்டு, திருத்தம் மட்டும் அலைவது துல்லியத்தின் அடித்தளத்தைத் தொட்டுவிட்டதற்கான அடையாளம். அறை வெப்பநிலையில் சிலிக்கானின் உள்ளார்ந்த செறிவு (மாசு இல்லாதபோது உள்ள எலக்ட்ரான், துளைச் செறிவு) கன சென்டிமீட்டருக்கு 10¹⁰. சிலிக்கான் கார்பைடில் அது 10⁻⁸ அளவில்தான் இருக்கிறது. ஆகவே 10¹⁹ மாசூட்டிய என்-வகைப் பகுதியில் துளைகளின் சமநிலைச் செறிவு 10⁻³⁵ என்ற வரிசைக்குப் போகிறது. இவ்வளவு சிறிய எண்ணை எழுதி வைப்பதில் கணினிக்குத் தடையில்லை, அடுக்குக்குறிக்கு இடம் தாராளமாக இருக்கிறது. ஏறத்தாழச் சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது எஞ்சும் இலக்கங்கள்தான் போதாமல் போகின்றன.

மிதக்கும் வளையம் இதைப் பல மடங்கு கடுமையாக்குகிறது. வளையத்துக்குள் துளைச் செறிவு 10¹⁸ அளவில் இருக்கும்; அதை வெளியுலகோடு இணைப்பது துளைகளே இல்லாத இயக்கமில்லாப் பகுதி மட்டும். வளையத்துக்குள் உள்ள கணுக்கள் ஒன்றோடொன்று மிக வலுவாகவும் வெளியோடு மிக மிக மெலிதாகவும் பிணைந்திருப்பதால், வளையம் முழுவதன் துளைக் குவாசி-ஃபெர்மி மட்டத்தையும் (துளைச் செறிவைத் தீர்மானிக்கும் ஆற்றல் மட்டம்) ஒரே அளவில் தூக்கினாலும் இறக்கினாலும் எச்சம் அதை ஏறக்குறைய உணர்வதே இல்லை. அணி ஒருமை அணியாகும் (நேர்மாறு இல்லாததாகும்) விளிம்பில் நிற்கிறது என்று பொருள்.

இங்கே ஒரு கேள்வி. செறிவின் சார்புப் பிழையைக் கணக்கிடும்போது, 'இதற்குக் கீழுள்ள செறிவைப் பொருட்படுத்த வேண்டாம்' என்று சொல்லும் மேற்கோள் செறிவு ஒன்று இருக்கும். அதை எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

அலைமுகம்

நிலைத்தநிலையில் கசிவு மின்னோட்டத்தைத் துல்லியமாக எடுப்பதற்காக அதை 10⁻¹⁰ என்று வைத்தேன். டிரான்சியன்ட் கணக்கும் அதே அமைப்பில்தான் ஓடுகிறது.

பழைய கணினி

கசிவுக்கு அந்த மதிப்பு நியாயமானது, டிரான்சியன்டுக்குத் தேவையற்றது. 800 வோல்ட்டில் டிரிஃப்ட் அடுக்கின் மின்தேக்குத்திறன் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.9 நானோஃபாரட். மின்னழுத்தம் 20 நானோசெகண்டில் 800 வோல்ட் ஏறினால், இடப்பெயர்ச்சி மின்னோட்டம் மட்டுமே சதுர சென்டிமீட்டருக்கு 37 ஆம்பியர் வரும். அந்த 37 ஆம்பியருக்கு அடியில் கிடக்கும் கசிவை இந்தக் கணக்கிலிருந்து எவராலும் படிக்க முடியாது. படிக்க முடியாத ஒன்றுக்காகத் துளைச் செறிவை 10⁻¹⁰ வரை சரியாகக் கேட்பதில் பொருளில்லை.

ஆனால் மேற்கோள் செறிவைக் கண்ணை மூடிக்கொண்டு 10¹⁰க்கு உயர்த்திவிட்டு, 'ஒருங்கிவிட்டது' என்று மகிழ்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அளவுகோலைத் தளர்த்தினால் எதுவும் ஒருங்கும். உயர்த்திய பிறகு இரண்டு வரிசை மேலும் இரண்டு வரிசை கீழும் வைத்துக் கணக்கை மீண்டும் ஓட்டி, டிரெயின் மின்னோட்டத்தையும் ஒவ்வொரு வளையத்தின் மின்னழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். டிரெயின் மின்னோட்டம் மாறாமல் வளையத்தின் மின்னழுத்தம் மட்டும் மாறினால், விளிம்பில் மின்புலம் தவறாக வருகிறது என்று அர்த்தம். காப்பு வளையங்களை ஆராயவே இந்தக் கணக்கு என்றால் அந்த விடை குப்பை.

எனக்குப் பிடித்த வழி வேறு. அமைப்பு முழுவதும் கன சென்டிமீட்டருக்கு, செகண்டுக்கு 10¹⁰ என்ற அளவில் மாறாத ஓர் எலக்ட்ரான்-துளை இணை உற்பத்தி வீதத்தைச் சேர்த்துவிடுவேன். 10 மைக்ரோமீட்டர் இயக்கமில்லாப் பகுதியில், ஊர்திகள் (எலக்ட்ரான்களும் துளைகளும்) 10⁷ செ.மீ/செகண்டு என்ற தெவிட்டு வேகத்தில் வெளியேறினால், துளைச் செறிவு கன சென்டிமீட்டருக்கு 1 என்ற தரையில் நிற்கும். கடந்து செல்லும் நேரம் 100 பிகோசெகண்டுதான் என்பதால், உங்கள் 20 நானோசெகண்டுக்குள் அந்தத் தரை தாராளமாக அமைந்துவிடும். இதனால் கூடும் கசிவு சதுர சென்டிமீட்டருக்கு 1.6×10⁻¹² ஆம்பியர், மேலே சொன்ன 37 ஆம்பியருக்குப் பக்கத்தில் அது எங்கே தெரியப் போகிறது? அணியின் நிலையோ வெகுவாகச் சீராகிவிடும். கசிவுக் கணக்கில் மட்டும் இந்த உற்பத்தியை மறக்காமல் நீக்கிவிடுங்கள்.

128 பிட் துல்லியம் இருந்தால் ஒருமுறை அதிலும் ஓட்டிப் பாருங்கள். பல மடங்கு மெதுவாக நடக்கும். ஆனாலும் நோய் துல்லியத்தில்தானா என்ற கேள்விக்கு அதைவிட நேரான விடை கிடைக்காது.

சுற்றுவழி

இவ்வளவு தூரம் போகும் முன், காலத் தொகையிடலைப் பின்னோக்கு ஆய்லர் (படியின் இறுதியிலுள்ள மாறும் வீதத்தை மட்டும் கொள்வது) முறைக்கு மாற்றிப் பார்க்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். அந்த யோசனை வரும் முன்பே என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பின்னோக்கு ஆய்லர் முறை உறுதியானதுதான், ஆனால் அது உண்மையான அலைவையும் தின்றுவிடும். சுற்றில் 20 நானோஹென்றி ஒட்டுண்ணித் தூண்டலும் 100 பிகோஃபாரட் மின்தேக்கமும் இருந்தால் அலைவுக் காலம் 8.9 நானோசெகண்டு. காலப்படி 0.1 நானோசெகண்டு என்றால், மின்தடையே இல்லாத சுற்றிலும் ஓர் அலைவுக்குள் வீச்சில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். அணைக்கும்போது எழும் மின்னழுத்த எழுச்சியைக் கணிக்கத்தான் இந்தச் சிமுலேஷன் என்றால், அந்த எழுச்சியையே கணக்கு விழுங்கிவிடுகிறது.

பழைய கணினி

இதை ஓரளவுதான் ஏற்கிறேன். சரிவக விதியை (படியின் இரு முனைகளின் வீதங்களைச் சராசரியாகக் கொள்வது) தனியாகப் பயன்படுத்தினாலும் ஆபத்து உண்டு: விரைவாகத் தணிய வேண்டிய கூறுகளை அது தணிக்காமல், அடுத்தடுத்த காலப்புள்ளிகளில் மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் பேங்க் முதலிய அறுவர் 1985இல் டிஆர்-பிடிஎஃப்2 முறையை முன்வைத்தார்கள். படியின் முதல் 0.586 பங்கைச் சரிவக விதியாலும், மீதியை இரண்டாம் வரிசைப் பின்னோக்கு வேறுபாட்டாலும் கடப்பது அது. இரண்டாம் வரிசைத் துல்லியமும் கிடைக்கிறது, விறைப்பான (மிக விரைவாகத் தணிய வேண்டிய) கூறுகளும் தணிகின்றன. முழுக் கணக்கையும் அதில் ஓட்டுங்கள். கேட் துடிப்பின் மூலையை ஒட்டிய முதல் ஓரிரு படிகளுக்கு மட்டும் பின்னோக்கு ஆய்லரை அனுமதிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அங்கே படி எப்படியும் மிகச் சிறியது.

அலைமுகம்

டையோடு சோதனையில் காலப்படிச் சரிவுகள் 1, 3, 5, 7 என்ற வரிசையில்தான் வந்தன. செங்குத்துத் திசையில் வலையை 80 நானோமீட்டராக நெருக்கியதும் அவை மறைந்தன, மின்னோட்டத்தின் படிக்கட்டுகளும் போயின. மொத்தக் கணுக்கள் கூடியும் கணக்கு முன்பைவிட விரைவாக முடிகிறது. காலப்படிகளின் எண்ணிக்கை அவ்வளவு குறைந்துவிட்டது.

மேற்கோள் செறிவை டிரான்சியன்டுக்கு மட்டும் 10² ஆக்கி, மாறாத உற்பத்தி வீதத்தையும் சேர்த்தேன். மாஸ்ஃபெட் கணக்கு 800 வோல்ட்டைத் தாண்டி முடிவு வரை போகிறது. மேற்கோள் செறிவை இரண்டு வரிசை மேலும் கீழும் மாற்றியபோது வளையங்களின் மின்னழுத்தம் அசையவில்லை. 128 பிட்டில் வந்த விடையும் இதனோடு பொருந்துகிறது.

ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. மின்னழுத்த எழுச்சியில் சரிவு முறிவு (ஊர்திகள் பனிச்சரிவு போலப் பெருகிச் சாதனம் முறிவது) நேர்கிறதா என்று பார்க்க மோதல் அயனியாக்கத்தை (ஊர்திகள் மோதிப் புதிய ஊர்திகள் பிறப்பது) சேர்த்தால், நியூட்டன் சுற்றுகள் இரண்டு மதிப்புகளுக்கு இடையே மாறி மாறித் தாவுகின்றன. எச்சம் ஒரு மட்டத்தில் நிற்பது போன்ற பழைய அடையாளம் இப்போது இல்லை.

எச்சக்கணக்கு

இரண்டு மதிப்புகளுக்கு இடையே தாவுவது, ஜேக்கோபியன் அணியில் ஏதோ ஒரு வகைக்கெழு விடுபட்டிருப்பதற்கோ, மாதிரியில் மென்மையற்ற மூலை ஒன்று இருப்பதற்கோ அடையாளம். அயனியாக்கக் கெழு மின்புலத்தின் தலைகீழை அடுக்காகக் கொண்டு மாறுகிறது. சிலிக்கானில் எலக்ட்ரானுக்கான அடுக்குக் கெழு 1.231×10⁶ வோல்ட்/செ.மீ என்பதால், 3×10⁵ வோல்ட்/செ.மீ புலத்தில் புலம் 1 விழுக்காடு மாறினால் கெழு 4 விழுக்காடு மாறும். சிலிக்கான் கார்பைடிலும் அதன் முறிவுப் புலத்துக்கு அருகே நிலைமை இதை ஒத்ததே. இவ்வளவு கூர்மையான சார்புக்கு வகைக்கெழுவை விட்டுவிட்டால் நியூட்டன் முறை தன் பெயருக்குத் தகுதியை இழந்துவிடும். வேகத்துக்காக இந்த வகைக்கெழுக்களை விட்டுவிடும் தேர்வு சில மென்பொருள்களில் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

வகைக்கெழுக்கள் முழுமையாக இருந்தும் தாவினால், அயனியாக்கக் கெழுவைக் கணிக்க உந்துவிசையாக எதைத் தேர்ந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். குவாசி-ஃபெர்மி மட்டத்தின் சாய்வையோ, மின்னோட்டத்துக்கு இணையான புலக்கூறையோ தேர்ந்திருந்தால், ஊர்திகள் அறவே இல்லாத இடங்களில் அவற்றின் திசை வெறும் இரைச்சலாகிவிடுகிறது. செறிவு குறைந்த இடங்களில் உந்துவிசையை மின்புலத்தோடு இடைக்கணிப்பு செய்யும் அளவுரு இருக்கும்; அதைச் சுழியாக விடாமல் 10¹² அளவில் வைத்து, மேலும் கீழும் மாற்றி விடையைச் சரிபாருங்கள். பழைய கணினி சொன்ன உற்பத்தித் தரை இங்கேயும் கொஞ்சம் உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அலைமுகம்

வகைக்கெழுத் தேர்வு அணைந்தே இருந்தது. அதை இயக்கியதும் தாவல் பெரும்பாலும் நின்றது. எழுச்சியின் உச்சத்தில் மட்டும் ஓரிரு படிகள் மறுக்கப்பட்டு, பாதியாக்கிய பிறகு ஏற்கப்படுகின்றன. உந்துவிசை அளவுருவை மாற்றி ஓட்டும் கணக்குகள் இப்போது நடந்துகொண்டிருக்கின்றன. வளைய ஓரங்களின் உச்சப் புலத்தை ஒப்பிட்டு அட்டவணையை இங்கேயே இடுகிறேன்.